காது அடைச்ச மாதிரியே இருக்கு, டாக்டர்!

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் காதைப் பற்றித்தான். பெரும்பாலும் சின்னத் தொந்தரவுகள், ஆனால் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து, எதிரில் இருப்பவர் சொல்வதை இரண்டு முறை கேட்க வைத்து ஆளைப் பாடாய்ப் படுத்திவிடும். மூக்கு, தொண்டைக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்கக் காதுதான்.

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்தேன். குளித்துவிட்டு வந்ததிலிருந்து வலது காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தேன், பட்ஸ் விட்டுத் துடைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. நான் பேசுவது எனக்கே பானைக்குள் பேசுவது போலக் கேட்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. மருந்துக் கடையில் ஏதாவது சொட்டு வாங்கி விடலாமா?
– வாசகர், வடபழனி

பதில்: விடலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த பட்ஸ் டப்பாவை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் காதில் தண்ணீர் நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வடிந்திருக்கும், இல்லாவிட்டால் காய்ந்திருக்கும். குறும்பி ஏற்கெனவே உள்ளே சேர்ந்திருக்கிறது. அது பாதிக் குழாயை அடைத்திருந்தாலும் சரி, முக்கால்வாசி அடைத்திருந்தாலும் சரி, ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் போதும், சத்தம் உள்ளே போய்விடும், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. தலைக்குக் குளித்த தண்ணீர் பட்டதும் குறும்பி ஊறி உப்பும், அந்த நூல் இடைவெளியும் மூடிக்கொள்ளும். நேற்று வரை நன்றாக இருந்த காது இன்றைக்குத் திடீரென்று அடைத்துக்கொள்வது இப்படித்தான். அதற்கு மேல் நீங்கள் பட்ஸ் விட்டீர்கள். துப்பாக்கிக் குழலில் மருந்தை வைத்துக் கிட்டிப்பது போல, வெளியே வரவேண்டியதை உள்ளே வைத்து நன்றாக அழுத்திவிட்டீர்கள்.

காதுக் குழாயின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். அதன் கடைசியில் செவிப்பறை இருக்கிறது, கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் கனம். குறும்பி சுரப்பது இந்தக் குழாயின் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும். செவிப்பறைக்குப் பக்கத்தில் குறும்பி சுரக்கவே சுரக்காது. ஆகவே யாருடைய காதிலாவது செவிப்பறையோடு ஒட்டிக் குறும்பி கிடந்தால், அதைத் தள்ளிக்கொண்டு போனது அநேகமாக அவர் கைதான்.

குறும்பியை அழுக்கு என்று நினைத்துத்தான் இவ்வளவு வினையும். அது அழுக்கே இல்லை. உதிர்ந்த தோல், எண்ணெய்ப் பசை, சுரப்பிகளில் ஊறும் நீர் எல்லாம் கலந்த ஒரு பூச்சு. லேசான அமிலத்தன்மை உள்ளது, அதனால் கிருமியும் காளானும் எளிதில் வளராது. தூசியைப் பிடித்து வைக்கும், தண்ணீர் தோலில் ஊறாமல் தடுக்கும். வேலை முடிந்ததும் தானே வெளியே வந்துவிடும். காதுக் குழாயின் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஏறக்குறைய நகம் வளர்கிற வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் பேசுவதும் மெல்லுவதும் தாடையை அசைத்து அதை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. உடம்பில் தன்னைத் தானே கூட்டிச் சுத்தம் செய்துகொள்கிற இடம் இது என்று எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் சொல்வார், எனக்கு அதைக் கேட்டு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குறும்பியை இளக்குகிற சொட்டு மருந்து மருந்துக் கடையில் கிடைக்கும், அல்லது சுத்தமான ஆலிவ் எண்ணெய் போதும். குப்பியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்து மூடிக்கொண்டிருங்கள், உடம்புச் சூட்டுக்கு வரட்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை அப்படியே காதில் விட்டால் தலை சுற்றும், வாந்திகூட வரும், ஏனென்றால் நம்மை நிலையாக நிற்க வைக்கிற உறுப்பு உள்காதில், பக்கத்திலேயே இருக்கிறது. நாங்களே தலைசுற்றல் நோயாளிகளைச் சோதிக்க 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் தண்ணீரைக் காதில் விட்டு வேண்டுமென்றே தலைசுற்றலை வரவைத்துப் பார்ப்போம். உடம்புச் சூடான 37-க்குக் கொஞ்சம் மேலே கீழே போனாலே காதுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வலது காது மடலை மேலேயும் பின்னாலேயும் லேசாக இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். எழுந்ததும் வழிவதைத் துணியால் வெளியே துடைத்தால் போதும், பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாள் வரை. முதல் நாள் அடைப்பு இன்னும் கூடின மாதிரி இருக்கும், குறும்பி மறுபடி ஊறுவதால்தான், அதில் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு அதோடு இளகி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணையில் வந்துவிடும்.

வராவிட்டால் இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் அடித்தோ, மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சியோ, சின்னக் கொக்கியாலோ எடுத்துவிடுவார்கள். மருந்து விட்டு இளக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் சில நிமிட வேலை. செலவுக்கு யோசிக்கிறவர்கள் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, ஸ்டான்லிக்கோ, கீழ்ப்பாக்கத்துக்கோ காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்து அனுப்புவார்கள். எடுத்து முடித்ததும் பஸ் ஹாரன் அப்படிக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. காதில் எப்போதாவது சீழ் வடிந்திருந்தால், செவிப்பறையில் ஓட்டை என்று யாராவது சொல்லியிருந்தால், காதில் ஆபரேஷன் நடந்திருந்தால், இப்போது வலியோ காய்ச்சலோ இருந்தால், இந்த வைத்தியம் எதுவும் வீட்டில் வேண்டாம், நேரே டாக்டர்தான். மெழுகுவர்த்தி மாதிரி ஒன்றைக் காதில் சொருகிக் கொளுத்துகிறார்களே, அதில் குறும்பி துளிகூட வெளியே வருவதில்லை, எரிந்த பிறகு திரியில் தெரிகிற மஞ்சள் அந்த மெழுகேதான். தோல் வெந்து போய், உருகிய மெழுகு செவிப்பறையில் சொட்டி வந்தவர்கள் உண்டு. ஆன்லைனில் விற்கிற கேமரா வைத்த காது குடைப்பானும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் பார்த்த பிறகு கை சும்மா இருக்காது.

பட்ஸின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1923-இல் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றித் தன் மனைவி குழந்தைக்குத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, அதையே ஒரு பொருளாகச் செய்து விற்க ஆரம்பித்தார். குழந்தை உடம்பின் மடிப்புகளைத் துடைக்க வந்தது இது. இன்றைக்கு நீங்கள் வாங்குகிற பல டப்பாக்களில் காதுக் குழாய்க்குள் விடாதீர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இருந்தும் அதை அதற்கென்றே வாங்குகிறோம். காது மடலின் வளைவுகளைத் துடையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: காதைக் குடைந்தால் எனக்கு உடனே இருமல் வருகிறது. காதுக்கும் நுரையீரலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: நுரையீரலுக்கு இல்லை, நரம்புக்கு உண்டு. மூளையிலிருந்து தொண்டை, இதயம், வயிறு வரை இறங்குகிற வேகஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை காதுக் குழாய்க்கும் வருகிறது. அதைச் சீண்டினால் தொண்டையில்தான் ஏதோ உறுத்துகிறது என்று மூளை நினைத்துக்கொண்டு இருமச் சொல்கிறது. எல்லோருக்கும் வராது, சிலருக்குத்தான். நாள்பட்ட வறட்டு இருமலுக்கு எல்லாச் சோதனையும் செய்து முடித்து, கடைசியில் செவிப்பறையில் ஒட்டியிருந்த ஒரு முடியை எடுத்ததும் இருமல் நின்று போவது உண்டு. குடைவதை விடுங்கள், இருமல் போய்விடும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் வேளச்சேரியில் இருக்கிறேன், 41 வயது. இரண்டு மாதமாக இரண்டு காதும் நமநமவென்று ஒரே அரிப்பு. ஹேர்பின், ஊக்கு, கோழி இறகு என்று எதை விட்டுக் குடைந்தாலும் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் மறுபடி. மருந்துக் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார், நான்கு நாள் நன்றாக இருந்து பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. எங்கள் அம்மா சொன்னார் என்று வாரம் ஒருமுறை காதில் தேங்காய் எண்ணெயும் விடுகிறேன். இப்போது லேசாகத் தண்ணீர் போலக் கசிகிறது.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை முதலிலேயே போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் அதிகம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காதில் காளான் பிடித்திருக்கிறது என்று படுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் அரிப்பு, கசிவு, மருந்து விட்டதும் கூடியது, எண்ணெய், எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் பூஞ்சை பிடிக்கும் இல்லையா, அதே கதைதான். காளானுக்கு ஈரமும் கதகதப்பும் இருட்டும் வேண்டும். சென்னைக் காற்றில் வருஷம் முழுக்கப் புழுக்கம், மழைக்காலத்தில் துவைத்த துணியே இரண்டு நாளைக்குக் காய்வதில்லை. அந்த ஈரத்தில் காதுக் குழாயும் ஊறுகிறது. அதற்கு மேல் குறும்பியை எல்லாம் வழித்து எடுத்துவிட்டால் காவல் போய்விட்டது. ஹேர்பின் பட்டுத் தோல் கீறினால் கதவும் திறந்துவிட்டது. நீங்கள் விட்ட எண்ணெய் ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. நாங்கள் கருவி வைத்துப் பார்க்கும்போது உள்ளே நனைந்த நியூஸ் பேப்பரைக் கிழித்துத் திணித்தது போல இருக்கும், அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருந்தால் அஸ்பெர்ஜில்லஸ் வகைக் காளான், வெள்ளையாகத் தயிர்ப் படலம் போல இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா.

கடையில் வாங்கிய சொட்டு ஏன் கெடுத்தது என்று கேட்பீர்கள். அரிப்பு என்றதும் கொடுக்கிற மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து இருக்கும். ஸ்டீராய்டு நான்கு நாள் அரிப்பை அமுக்கிவிடும், அந்தச் சுகத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத் தீர்த்துக் கட்டும், போட்டிக்கு ஆள் இல்லாமல் காளான் செழித்து வளரும். சில ஆன்டிபயாட்டிக் சொட்டுகள், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர்களுக்கு, உள்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடியவை. மருந்துக் கடைக்காரர் நல்ல மனசோடு கொடுத்திருக்கலாம், ஆனால் அவரிடம் காதுக்குள் பார்க்கிற கருவி இல்லை.

ஆகவே ஒரு முறை போய்க் காட்டியே ஆக வேண்டும். முதல் வேலை உள்ளே இருக்கிற காளானை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்வது, அதைச் செய்யாமல் மருந்து விட்டால் காளான் மேலேயே தங்கிவிடும், தோலுக்குப் போகாது. அதன் பிறகு குளோட்ரிமசோல் போன்ற காளான் சொட்டு, பொதுவாக இரண்டு மூன்று வாரம். அரிப்பு மூன்றாம் நாளே நின்றுவிடும், நின்றதும் மருந்தை விட்டுவிடுவீர்கள், ஒரு மாதத்தில் திரும்பி வருவீர்கள், இதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். தயவுசெய்து சொன்ன நாள் வரை விடுங்கள்.

அந்த நாட்களில் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாயில் வைத்துக்கொள்ளுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு துண்டைக் காது மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் ஈர முடியின் மேல் ஹெல்மெட் வேண்டாம், ஹெல்மெட்டின் உள் பஞ்சையும் அவ்வப்போது வெயிலில் காய வையுங்கள். ஹேர்பின், ஊக்கு, இறகு மூன்றுக்கும் இன்றோடு விடை கொடுங்கள். அரிப்பு தாங்க முடியாதபோது காதுக்கு முன்னால் இருக்கிற சின்னக் குருத்தெலும்பை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், ஓரளவு அடங்கும். தலையில் பொடுகு இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள், பொடுகு உள்ளவர்களுக்குக் காதுக் குழாய்த் தோலும் அதே போலச் செதிலாகி அரிக்கும்.

இன்னொன்று, உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை. கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? திரும்பத் திரும்பக் காளான் வருகிறவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது சர்க்கரை டெஸ்ட்தான். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் யாராவது ராத்திரியில் தூங்க விடாத காது வலி என்று சொன்னால், ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அது காதுக் குழாயைத் தாண்டி எலும்புக்குள் இறங்குகிற கிருமியாக இருக்கலாம், மறுநாளே கூட்டிப் போங்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு நான்கு மாதம். மாமியார் தினமும் குளிப்பாட்டியதும் குழந்தையின் காதில் நல்லெண்ணெய் விட்டு, காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுகிறார். வேண்டாம் என்றால், உன் வீட்டுக்காரரை இப்படித்தான் வளர்த்தேன், அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு என்கிறார். நான் என்ன சொல்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் மாமியார் பிரியத்தால் செய்கிறார், அதை முதலில் நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள், நான் நேரடியாக அவருக்கே சொல்கிறேன்.

அம்மா, குழந்தையின் காதில் எண்ணெய் விட வேண்டிய அவசியமே கிடையாது. அதுவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சின்னக் குழாய், எண்ணெய் தங்கினால் கிருமியும் காளானும் வந்துவிடும். வாயால் ஊதும்போது நம் வாயிலும் தொண்டையிலும் இருக்கிற கிருமி நேராகக் குழந்தையின் மூக்குக்குப் போகிறது. உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனால் அதே தெருவில் காது வடிந்த குழந்தைகளும் இருந்திருப்பார்கள், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம், குழந்தையின் தோல் எவ்வளவு சூடு தாங்கும் என்று நம் விரலுக்குத் தெரியாது. தாய்ப்பாலைக் காதில் விடுகிற வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது, பால் உள்ளே தங்கிப் புளித்தால் கிருமிக்குச் சாப்பாடு, அதுவும் வேண்டாம்.

அதற்குப் பதில் உங்கள் அனுபவத்தை வேறு ஒன்றில் காட்டுங்கள். குழந்தையைத் தட்டையாகப் படுக்க வைத்துப் பால் கொடுக்க விடாதீர்கள், தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாய் கைக்குழந்தைக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும், படுத்துக் குடித்தால் பால் அந்த வழியாகக் காதுக்கு ஏறலாம். ராத்திரி வீரிட்டு அழுது காதைப் பிடித்து இழுக்கிற குழந்தைகள் பல பேருக்குச் சளியோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் காது மடலை ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: சளி பிடித்திருந்தபோது டெல்லியிலிருந்து விமானத்தில் வந்தேன். இறங்கும்போது காதுக்குள் ஊசி குத்துவது போல வலி. மீனம்பாக்கத்தில் இறங்கி ஐந்து நாள் ஆகியும் இடது காது அடைத்தே இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும்.
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: இது குறும்பி அடைப்பு இல்லை, சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். பிரச்சினை செவிப்பறைக்கு அந்தப் பக்கம். இப்போதுதான் சொன்னேனே, மூக்கின் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய், அதுதான் நடுக்காதின் ஜன்னல். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி, அதிலிருந்து அரை மணி நேரத்தில் கடல் மட்டத்துக்கு இறங்கினால் எப்படி, அப்படி. இறங்கும்போது வெளி அழுத்தம் கூடும், ஜன்னல் திறந்து காற்று உள்ளே போனால்தான் சமமாகும். சளியில் அந்த ஜன்னல் வீங்கி மூடியிருந்தது, செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு வலித்தது. பின்னால் கொஞ்சம் நீரும் கட்டியிருக்கலாம்.

பெரும்பாலும் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்தில் தானே சரியாகும். அடிக்கடி விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஆவி பிடியுங்கள், சளி குறையட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவதை மெதுவாகச் செய்யுங்கள், சளி நிறைய இருக்கும்போது பலமாக ஊதினால் சளியே காதுக்கு ஏறிவிடும். வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, ரத்தம் கசிந்தாலோ, இரண்டு வாரம் தாண்டினாலோ காட்டிவிடுங்கள். அடுத்த மாதம் போகும்போது சளி இருந்தால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் மூக்கடைப்புச் சொட்டு ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்கி, விமானம் இறங்க ஆரம்பிப்பதற்கு அரை மணி முன்னால் விடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சொட்டைத் தினமும் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது, ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும். இறங்கும் நேரத்தில் தூங்காதீர்கள், தூக்கத்தில் நாம் அதிகம் விழுங்குவதில்லை. கைக்குழந்தை கூட வந்தால் அந்த நேரத்துக்குப் பால் கொடுங்கள்.

கேள்வி: ராத்திரி காதில் எறும்போ பூச்சியோ போய்விட்டால் உடனே என்ன செய்யலாம்? போன வாரம் என் பையன் துடித்துவிட்டான்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: உயிரோடு இருக்கிற பூச்சி உள்ளே ஓடுகிற சத்தம் செவிப்பறைக்குப் பக்கத்தில் கேட்கும், பெரியவர்களே அலறுவார்கள், பையனைத் திட்டாதீர்கள். முதலில் பூச்சியைக் கொன்றுவிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, காய்ச்சாமல், காது நிறையும் வரை விடுங்கள். ஒரு சில நிமிடத்தில் அடங்கிவிடும். காதில் சீழ் வந்த பிள்ளை, ஓட்டை உள்ள பிள்ளை என்றால் இதைச் செய்ய வேண்டாம். மறுநாள் காலை டாக்டரிடம் எடுத்துக்கொள்ளலாம், இடுக்கி வைத்து நோண்டாதீர்கள், கால் ஒன்று வரும், உடம்பு உள்ளே போகும்.

பட்டாணி, கடலை, புளியங்கொட்டை போட்டுக்கொண்ட பிள்ளைக்குத் தண்ணீர் விடவே கூடாது, ஊறிப் பெருத்துவிடும். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் வருகிற வட்ட பேட்டரி என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள், எண்ணெயோ தண்ணீரோ எதுவும் விடாதீர்கள், அதே ராத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தோலை அரித்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. திங்கட்கிழமை காலை எழுந்தவுடன் இடது காது கேட்கவில்லை, கொய்யென்று ஒரு சத்தம் மட்டும் இருக்கிறது என்கிறார். குறும்பியாக இருக்கும் என்று நான்கு நாளாகச் சொட்டு விடுகிறோம். முன்னேற்றம் இல்லை.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, அப்பாவை அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போவதில் இரண்டு வகை. குறும்பியோ சளியோ அடைத்தால் சத்தம் போகிற பாதைதான் மூடியிருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம். நரம்பே செயலிழந்தால் அது வேறு. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே ஆரம்பித்தால் கேட்கும் திறன் திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு, இரண்டு வாரம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நோயாளிக்கு இரண்டும் காது அடைத்த மாதிரிதான் இருக்கும், வலியும் இருக்காது. அதனால்தான் பலர் சொட்டு விட்டுக்கொண்டே நாளைக் கழித்துவிடுகிறார்கள். நான் வருத்தப்பட்டு வீட்டுக்கு அனுப்பியவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான், ஒரு மாதம் கழித்து வருவார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீட்டி முனகுங்கள். அந்தச் சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பாதை அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். காது நன்றாக இருக்கிறவர்கள் ஒரு விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், அடைத்த பக்கம்தான் பலமாகக் கேட்கும். அதிரும் கவையை (டியூனிங் ஃபோர்க்) நெற்றியில் வைத்து நாங்கள் செய்கிற சோதனையும் இதே கணக்குதான். இது டாக்டருக்கு மாற்று இல்லை, எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ள மட்டும். சோதனை எப்படி வந்தாலும், குளிக்காமல், சளி இல்லாமல், திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்விட்டால் மறுநாள் வரை தள்ளாதீர்கள். அதோடு முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனே 108.

கேள்வி: கவரிங் தோடு போட்டால் காது மடல் சிவந்து, அரித்து, நீர் வடிகிறது. தங்கத்தில் போட்டால் ஒன்றும் இல்லை. ரங்கநாதன் தெருவில் ஆசையாக வாங்கின ஏழு ஜோடியும் சும்மா கிடக்கிறது.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கவரிங்கில் கலந்திருக்கிற நிக்கல் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேர்வை பட்டால் நிக்கல் கரைந்து இன்னும் அதிகமாகத் தோலில் இறங்கும், அதனால்தான் சித்திரை வைகாசியில் மோசமாக இருக்கும். இந்த ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் அநேகமாகப் போகாது. தோட்டின் தண்டில் நகப்பூச்சு தடவிப் போட்டால் ஒரு கல்யாணத்துக்குத் தாங்கும், தினசரிக்கு ஆகாது. இப்போதைக்குப் புண் ஆறும் வரை எதையும் போடாமல் இருங்கள், ஓட்டை தூர்ந்துவிடும் என்று பயந்தால் சுத்தமான வேப்பங்குச்சி வேண்டாம், மருத்துவப் பிளாஸ்டிக் தண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். நீர் வடிவது ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் தோல் டாக்டரிடம் ஒரு களிம்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஏழு ஜோடியை நிக்கல் ஒத்துக்கொள்கிற தங்கைக்கோ நாத்தனாருக்கோ கொடுத்துவிடலாம்.